டிடிஎஸ் பேனா, குளோரின் கிட், கருப்பாகுற குப்பி: குழாய்த் தண்ணிய வீட்லயே செக் பண்ண எது உருப்படி

முதல்லயே சொல்லிடறேன். சின்ன ஊர்ல குழாய்த் தண்ணி குடிக்கலாமா வேண்டாமான்னு பாக்க ஒரே ஒரு சாமான் தான் வாங்கப் போறீங்கன்னா குளோரின் கிட் வாங்குங்க. தண்ணில கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் பேனா வேண்டாம். ஆனா எல்லாரும் மொதல்ல வாங்குறது அந்தப் பேனாவத்தான், ஏன்னா பட்டன அமுக்குனா நம்பர் வருது, நம்பர் வந்தா நமக்கு ஒரு நிம்மதி. இந்த ரிவ்யூல நான் பேசப் போறது நாலு சாமான்: டிடிஎஸ் பேனா, டிபிடிங்கிற மாத்திரைய (குளோரின் இருந்தா தண்ணிய ரோஸ் ஆக்கும்) போட்டுப் பாக்குற குளோரின் கிட், பாக்டீரியா இருந்தா கருப்பாகுற குப்பி, அப்புறம் தண்ணில முக்குனா கலர் மாறுற பதினாறு கட்டம் போட்ட ஸ்ட்ரிப். நாலையும் யூஸ் பண்ணியாச்சு. எந்த பிராண்டுன்னு சொல்லல, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் இருக்கு, டப்பா கலர் தான் வேற.

டிடிஎஸ் பேனால இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா அதுமேல தான் எனக்கு கோபம் ஜாஸ்தி. சாமான்ல குறை இல்ல. அடியில ரெண்டு சின்ன உலோகக் கம்பி, தண்ணில முக்குனா அதுக்கு நடுவுல எவ்ளோ கரண்ட் பாயுதுன்னு பாத்து, அத ஒரு எண்ணால பெருக்கி (பெரும்பாலும் 0.5ல இருந்து 0.7க்குள்ள) "லிட்டருக்கு இவ்ளோ மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்கு"ன்னு காட்டுது. அவ்ளோதான் அதோட வேல. அது உப்பு மீட்டர். கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் இதுங்கள மொத்தமா ஒரே நம்பரா சொல்லும், எது எவ்ளோன்னு சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்லுதுன்னா 600க்கு கீழ இருந்தா வாய்க்கு நல்லா இருக்கும், 1000 தாண்டுனா குடிக்கவே பிடிக்காம போகும்னு. அதாவது ருசி பத்தின பேச்சு, ஆரோக்கியத்துக்குன்னு ஒரு வரம்பே டிடிஎஸ்க்கு அவங்க வைக்கல. இத ஃபில்டர் விக்கிறவங்க யாராவது சொல்லி கேட்டிருக்கீங்களா?

இப்ப கணக்க பாருங்க. ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கிற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஈயத்துக்கும் அதே 10. மைக்ரோகிராம்னா மில்லிகிராம்ல ஆயிரத்துல ஒரு பங்கு. பேனா காட்டுற மிகச் சின்ன படியே 1 மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம். ஆக ஆர்சனிக் வரம்ப விட நூறு மடங்கு இருந்தா கூட பேனால கடைசி இலக்கம் ஒண்ணு கூடுனாலே பெரிசு, அது தண்ணி கொஞ்சம் சூடானாலே கூடுற அளவு. பாக்டீரியாவுக்கு அது கூட நகராது. ஒரு டம்ளர் தண்ணில ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்க, நம்பர் பிச்சிக்கிட்டு ஏறும். அதே டம்ளர்ல சாக்கடைத் தண்ணி ரெண்டு சொட்டு விழுந்திருந்தா பேனா முந்தி காட்டுன அதே நம்பரத்தான் காட்டும். எது ஆபத்தோ அதுக்கு வாய மூடிக்கிட்டு, எது ஆபத்தில்லையோ அதுக்கு கூச்சல் போடுற சாமான்.

இந்தப் பேனா எங்க உதவும்னா, வீட்ல ஆர்ஓ இருந்தா அதோட மெம்ப்ரேன் வேல செய்யுதான்னு பாக்க. உள்ள போற தண்ணி 500, வெளிய வர்றது 40ன்னா சரி, அந்த 40 மெல்ல மெல்ல 150 ஆச்சுன்னா மெம்ப்ரேன் போச்சுன்னு அர்த்தம். இன்னொண்ணு, எப்பவும் 250 காட்டுற குழாய் திடீர்னு ஒரு நாள் 800 காட்டுச்சுன்னா ஆத்துத் தண்ணிய நிறுத்திட்டு போர் தண்ணிய விட்டிருக்காங்கன்னு யூகிக்கலாம். அதுக்குக் கூட பேனா சரியா காட்டுதான்னு ஒப்பிட்டுப் பாக்குற காலிபரேஷன் கரைசல் தனியா வாங்கணும், பேனாவோட குடுக்கிறவங்க கம்மி. என்னோடது வாங்குன புதுசுலயே அந்தக் கரைசல்ல தப்பா காட்டுச்சு, பின்னாடி இருந்த சின்ன ஸ்க்ரூவ திருப்பித்தான் சரி பண்ணேன். அதனால பக்கத்து வீட்டு பேனா 310 காட்டுது நம்மளது 340 காட்டுதுன்னு சண்ட போடறது வீண்.

இதோட சேந்த ஒரு தில்லுமுல்லையும் சொல்லியே ஆகணும். ஃபில்டர் விக்க வீட்டுக்கு வர்ற ஆளு ரெண்டு டம்ளர் வைப்பாரு, ஒண்ணுல உங்க குழாய்த் தண்ணி, ஒண்ணுல அவரு மெஷின் தண்ணி. ரெண்டுலயும் கம்பி கம்பியா தொங்குற ஒரு கருவிய முக்கி பிளக்குல சொருகுவாரு. அரை நிமிஷத்துல உங்க தண்ணி மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி, மேல பச்சையும் கருப்புமா நுரை கட்டி அடியில சேறு மாதிரி படியும். அவரு தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி நிக்கும். "இதத்தான் நீங்க தினம் குடிக்கிறீங்க"ம்பாரு. வீட்ல பெரியவங்க முகம் மாறிடும், ஆர்டர் போட்டுடுவாங்க. உண்மையில அந்த அழுக்கு தண்ணில இருந்து வரல, கம்பில இருந்து வருது! கம்பி இரும்பு, கரண்ட் பாயும்போது அது கரைஞ்சு துருவா மாறி மிதக்குது. குழாய்த் தண்ணில உப்பு இருக்கிறதால கரண்ட் பாயுது, ஆர்ஓ தண்ணில உப்பு இல்லாததால பாயல, அதனால அது அப்படியே நிக்குது. அடுத்த தடவ யாராவது இந்த வித்தை காட்டுனா அவரு டம்ளர்ல கொஞ்சம் உப்பு போட்டுட்டு திரும்ப முக்கச் சொல்லுங்க, அதுவும் பழுப்பாகும். அப்ப அவரு முகத்தையும் கொஞ்சம் பாத்து வச்சிக்கோங்க. (கரண்ட் சமாச்சாரம், நீங்களா கைய விடாதீங்க.)

சரி, இப்ப உருப்படியான விஷயம். குளோரின் கிட்.

குழாய்த் தண்ணில குளோரின் எதுக்கு போடறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், கிருமிய கொல்ல. ஆனா அதுல பாதி வேல தான் டேங்க்ல நடக்குது. மீதி பாதி என்னன்னா, கொல்ற வேல முடிஞ்சும் தண்ணில கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்கணும், அது நம்ம வீட்டு குழாய் வரைக்கும் கூடவே வரணும். வழியில எங்கயாவது பைப் ஓட்டை வழியா அழுக்கு உள்ள வந்தா அத சமாளிக்க அந்த மிச்சம் தான் காவல். உலக சுகாதார நிறுவன கணக்குல தண்ணி குழாய்க்கு வந்து சேரும்போது குறைஞ்சது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கணும், போட்டு அரை மணி நேரம் கழிச்சு 0.5 இருக்கணும், மேல போனா 5 வரைக்கும் உடம்புக்கு பரவாயில்ல. ஆக உங்க குழாய்ல 0.2 இருக்கா இல்லையாங்கிற ஒரு கேள்வி, டேங்க்ல மருந்து போட்டாங்களா, போட்டது போதுமா, வழியில எதாவது நடந்துச்சான்னு மூணு கேள்விக்கு சேத்து பதில் சொல்லிடுது. வீட்ல உக்காந்துக்கிட்டு இவ்ளோ விஷயம் சொல்ற வேற டெஸ்ட் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கிட்ல என்ன இருக்குன்னா, ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி, அதுல ரெண்டு குழி, பக்கத்துல ரோஸ் கலர் படிப்படியா ஏறுற மாதிரி ஒரு சார்ட், அப்புறம் அட்டையில டிபிடி மாத்திரை. பண்ற விதம் சுலபம், ஆனா அவசரப்படக் கூடாது. குழாய்ல ஜல்லடை மாதிரி எதாவது மாட்டியிருந்தா கழட்டிருங்க, ரெண்டு மூணு நிமிஷம் தண்ணி ஓடட்டும், அதே தண்ணில குழிய ரெண்டு தடவ அலசிட்டு கோடு வரைக்கும் புடிங்க. மாத்திரைய விரலால தொடாம அட்டையில இருந்து நேரா உள்ள தள்ளுங்க, மூடிய போட்டு குலுக்குங்க, கரையலன்னா கூட வர்ற குச்சியால நசுக்குங்க. கலர் வந்த உடனே வெளிச்சத்துல வெள்ளை சுவரப் பாத்து புடிச்சு சார்ட்டோட ஒப்பிடுங்க. உடனேங்கிறது முக்கியம், பத்து நிமிஷம் கழிச்சு வந்து பாத்தா அமோனியாவோட சேந்த குளோரினும் மெல்ல மெல்ல கலர் குடுத்து ரீடிங் ஏறியிருக்கும், நமக்கு வேண்டியது தனியா இருக்கிற ஃப்ரீ குளோரின். ராத்திரி மஞ்ச பல்ப்ல பாத்தீங்கன்னா 0.1க்கும் 0.3க்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது, பகல்ல பாருங்க.

முக்கியமா நேரா வர்ற லைன்ல புடிங்க, மாடி டேங்க் குழாய்ல புடிக்காதீங்க. டேங்க்ல ஒரு நாள் வெயில்ல நின்ன தண்ணில குளோரின் தானா பறந்து போயிருக்கும், அதப் பாத்துட்டு சப்ளை பண்றவங்கள திட்டுறது நியாயமில்ல. (மாடி டேங்க்க கடைசியா எப்ப கழுவுனோம்னு நம்மள நாமளே கேட்டுக்கறது தனி விஷயம்.)

குறைகள் இல்லாம இல்ல. குளோரின் ரொம்ப ரொம்ப ஜாஸ்தியா இருந்தா டிபிடி கலரயே அது வெளுத்துடும், ஒரு செகண்ட் ரோஸ் வந்து மறைஞ்சிடும், நாம "ஐயோ குளோரினே இல்ல"ன்னு நினைச்சுக்குவோம். தண்ணில குளோரின் நெடி தூக்கலா இருக்கு, ஆனா கிட் சைபர் காட்டுதுன்னா தண்ணிய குளோரின் இல்லாத நல்ல தண்ணியோட பத்துக்கு ஒண்ணா கலந்து திரும்ப பாருங்க. மாங்கனீஸ் இருக்கிற தண்ணியும் ரோஸ் காட்டி ஏமாத்தும். நிறக்குருடு இருக்கிறவங்களுக்கு இந்தக் கிட் கஷ்டம், அவங்களுக்கு நம்பர் காட்டுற டிஜிட்டல் மீட்டர் இருக்கு, நல்லா இருக்கும், ஆனா வீட்டுக்கு அது அதிகப்படி. மஞ்ச கலர் வர்ற பழைய ஓடிஓ கிட் எங்கயாவது கிடைச்சா வாங்காதீங்க, அதோட மருந்து நல்லதில்ல, அதோட அது ஃப்ரீ குளோரின தனியாவும் காட்டாது.

இந்த கிட்ட கையில வச்சிக்கிட்டு தெருத் தெருவா போய் பாத்தா தான் சின்ன ஊர் சப்ளை எப்படி இருக்குன்னு புரியும். டேங்க்கு பக்கத்து தெருவுல நல்ல ரோஸ், நடுவுல இளசா, கடைசி தெருவுல, அதாவது பைப் முடிஞ்சு மூடி போட்டிருக்கிற இடத்துல, கலரே இல்லாம வெறும் தண்ணி மாதிரி ஒண்ணுமே இல்ல. பம்ப் ஆபரேட்டர் கிட்ட கேட்டேன்.

"அண்ணே, கடைசித் தெருவுல குளோரினே வரலையே?"

"டேங்க்ல கரெக்டா தான் தம்பி போடறோம், வேணா வால்வுகிட்ட பாரு."

"வால்வுகிட்ட இருக்குண்ணே, அங்க யாரு குடிக்கிறா?"

அவரு சிரிச்சிட்டாரு, ஆனா அவரு சொன்னதும் பொய் இல்ல. பைப் முனையில தண்ணி நகராம தேங்கி நிக்குது, பைப் உள்சுவர்ல படிஞ்ச வழவழப்பும் துருவும் குளோரின தின்னுடுது. மருந்த கூட்டுனா டேங்க் பக்கத்து வீட்டுக்காரங்க நாத்தம்னு கத்துவாங்க. தீர்வு என்னன்னா முனையில இருக்கிற வால்வ அப்பப்ப திறந்து தேங்குன தண்ணிய வெளிய விடணும், அதுக்கு ஆள் வேணும். ஒரே ஆளு மோட்டர் போட்டு, மருந்து கலந்து, வால்வு திருப்பி, பைப் உடைப்பும் பாத்தா இதுக்கு எங்க நேரம்? விட்டு விட்டு தண்ணி வர்ற ஊர்ல இன்னும் மோசம், சப்ளை நிக்கும்போது பைப்புக்குள்ள அழுத்தம் குறைஞ்சு, வெளிய மண்ணுல இருக்கிற ஈரத்த ஓட்டை வழியா உள்ள இழுத்துக்கும். அதனால தண்ணி விட்டதும் வர்ற முதல் தண்ணிய குடிக்க புடிக்காதீங்க, துணி தொவைக்க வச்சிக்கோங்க.

இவ்ளோ சின்ன விஷயத்துக்கு இவ்ளோ அலட்டலான்னு தோணுனா கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல வாக்கர்டன்னு ஒரு ஊர் இருக்கு, சுமார் 5000 பேர். 2000 மே மாசம் பெரிய மழை பெஞ்சு, வயல்ல போட்ட மாட்டுச்சாணத்துல இருந்த ஈ.கோலை கிருமி ஊருக்குத் தண்ணி குடுக்கிற ஆழம் கம்மியான ஒரு கிணத்துக்குள்ள இறங்கிருச்சு. தண்ணி சப்ளை பண்ணவங்க குளோரின் போதுமான அளவு போடல. அதவிடக் கொடுமை, தினமும் குளோரின் மிச்சம் அளந்து நோட்டுல எழுதணுமே, அளக்காமலே 0.5, 0.75ன்னு எழுதி வச்சிருக்காங்க, வருஷக் கணக்கா. லேப்ல இருந்து கிருமி இருக்குன்னு ரிசல்ட் வந்தும் சுகாதாரத் துறைக்கு சொல்லல, தண்ணி நல்லா இருக்குன்னே சொல்லிட்டிருந்தாங்க. சுமார் 2300 பேர் படுத்தாங்க, 7 பேர் செத்துப் போனாங்க. விசாரணை கமிஷன் 2002ல குடுத்த அறிக்கையில குளோரினையும் கலங்கலையும் இடைவிடாம அளக்குற மீட்டர் அந்தக் கிணத்துல இருந்திருந்தா இது நடந்தே இருக்காதுன்னு சொல்லுச்சு. பணக்கார நாடு, படிச்ச ஊர். நோட்டுல எழுதியிருந்த நம்பர யாராவது ஒருத்தர் தன் வீட்டு குழாய்ல சரி பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அந்த ஊர்ல வீட்டுக்கு ஒரு டிடிஎஸ் பேனா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஒண்ணும் ஆயிருக்காது.

ஆனா குளோரின் கிட்டும் எல்லாத்தையும் சொல்லிடாது. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையவே அசையாது, 1993ல அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல சுமார் 4 லட்சம் பேர அது சாய்ச்சது, அங்க குளோரின் எல்லாம் போட்டுத்தான் இருந்தாங்க, வடிகட்டுறதுல தான் கோட்டை விட்டாங்க. அதனால ரோஸ் கலர் வந்தாலும் தண்ணி கலங்கலா இருந்தா குடிக்காதீங்க. கலங்கல் குளோரினையும் தின்னும், கிருமிக்கு மறைவிடமும் குடுக்கும்.

மூணாவது, கருப்பாகுற குப்பி. ஹைட்ரஜன் சல்ஃபைடு டெஸ்ட்டும்பாங்க, 1982ல இந்திய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முறை, இப்ப உலகம் பூரா கிராமங்கள்ல யூஸ் பண்றாங்க. உள்ள மருந்து தடவுன காகிதத்தோட ஒரு குப்பி, கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி மூடி ஒரு ஓரமா வெதுவெதுப்பான இடத்துல வச்சிருங்க. ஒரு நாள்ல இருந்து ரெண்டு நாளைக்குள்ள மை மாதிரி கருப்பாச்சுன்னா மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கரண்ட் வேண்டாம், படிப்பு வேண்டாம், யாரு கிட்ட காட்டுனாலும் புரியும், அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இது புடிக்கும். கவுன்சிலர் கிட்ட 0.1 மில்லிகிராம்னு சொல்லிப் பாருங்க, தலைய ஆட்டிட்டு போயிடுவாரு, கருப்பு குப்பிய மேசையில வச்சா அந்தப் பேச்சே வேற. ஆனா ஜாக்கிரத, சில ஊர் நிலத்தடி நீர்ல இயற்கையாவே சல்ஃபைடு இருக்கும், அழுகுன முட்டை வாசம் வரும், அங்க குப்பி சும்மாவே கருப்பாகும். ஊத்துன கொஞ்ச நேரத்துலயே கருப்பாச்சுன்னா கிருமி மேல பழி போடாதீங்க, கிருமி வளர நேரம் எடுக்கும். கருப்பாகலன்னா தண்ணி சுத்தம்னு சர்டிஃபிகேட்டும் இல்ல. முடிஞ்ச குப்பில கிருமி பல மடங்கா பெருகியிருக்கும், ப்ளீச்சிங் தண்ணி ஊத்தி கொஞ்ச நேரம் வச்சிட்டு கழிப்பறைல கொட்டுங்க, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.

ஸ்ட்ரிப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. கடினத்தன்மை, பிஎச், இரும்பு இதுக்கெல்லாம் குத்துமதிப்பா சரி. ஈயம், பாதரசம்னு போட்டிருக்கிற கட்டத்த நம்பாதீங்க, என் பாக்கெட்ல ஈயத்துக்கு சைபருக்கு அடுத்த கலரே 20 மைக்ரோகிராம், வரம்பு 10. நைட்ரேட் கட்டம் மட்டும் பிரயோஜனம், அதுலயும் சார்ட்ல நைட்ரேட்டுன்னு போட்டிருக்கா நைட்ரஜன்னு போட்டிருக்கான்னு பாருங்க, முதல் கணக்குல வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம், ரெண்டாவது கணக்குல சுமார் 11. ஆறு மாசத்துக்கு கம்மியான குழந்தைக்கு பவுடர் பால் கரைச்சுக் குடுக்கிற வீடா இருந்தா இது ரொம்ப முக்கியம், நைட்ரேட் ஜாஸ்தியான தண்ணி பச்சக் குழந்தை ரத்தத்துல ஆக்சிஜன் போற வழிய கெடுத்துடும். கொதிக்க வச்சா போயிடும்னு நினைக்காதீங்க, தண்ணி ஆவியாகி நைட்ரேட் இன்னும் கெட்டிப்படும். கொதிக்க வைக்கிறது கிருமிக்கு மட்டும் தான், அதுக்கு தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சா போதும்.

ஆர்சனிக், ஃப்ளூரைடு, ஈயம் சந்தேகம் இருந்தா இந்த நாலுமே வேஸ்ட், லேப்புக்குத்தான் அனுப்பணும். ஈயத்துக்கு மட்டும் ராத்திரி பூரா பைப்ல நின்ன தண்ணிய காலைல குழாய் திறந்த உடனே புடிச்சு அனுப்புங்க, ஓட விட்டுப் புடிச்சா தெரியாது. கிருமி டெஸ்ட்டுக்கு அவங்க குடுக்கிற சுத்தமான பாட்டில்ல தான் புடிக்கணும், பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல புடிச்சிட்டு போகாதீங்க. உலக சுகாதார நிறுவன கணக்குப்படி 5000 பேருக்கு கம்மியான ஊருக்கே வருஷத்துக்கு 12 சாம்பிள் கிருமிக்கு பாக்கணும், சப்ளை பண்றவங்க கிட்ட அந்த 12 ரிசல்ட்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்க, எந்தத் தெரு குழாய்ல எடுத்தாங்கன்னும் சேத்துக் கேளுங்க, எல்லா சாம்பிளும் டேங்க் அடியிலயே எடுத்திருந்தா அது டேங்க் டெஸ்ட், ஊர் டெஸ்ட் இல்ல.

மார்க் போடணும்னா குளோரின் கிட்டுக்கு அஞ்சுக்கு நாலரை, அந்த அரை மார்க் கலர் பாக்குற கஷ்டத்துக்கு. குப்பிக்கு நாலு. ஸ்ட்ரிப்புக்கு ரெண்டு. டிடிஎஸ் பேனாவுக்கு ஆர்ஓ இருக்கிற வீடுன்னா மூணு, இல்லாத வீடுன்னா ஒண்ணு. மாத்திரை வாங்கும்போது அட்டையில காலாவதி தேதி பாருங்க, ஈரம் பட்டா வீணாயிடும், பாத்ரூம் அலமாரில வைக்காதீங்க. ஒரு பெட்டிய நாலஞ்சு வீடு சேந்து வாங்குனா போதும், ஒவ்வொரு வீடும் தெருவுல ஒவ்வொரு இடத்துல இருந்தா இன்னும் நல்லது. மழை பெஞ்ச மறுநாளும், பைப் உடைஞ்சு சரி பண்ண அன்னிக்கும் கண்டிப்பா ஒரு தடவ பாத்துருங்க.